கச்சான் வெக்கையில் ஒரு கனத்த சிவப்பு வைன்

மட்டக்களப்பில் ஒருவருக்குச் சிவப்பு வைன் பிடிக்காமல் போனால், குற்றம் பெரும்பாலும் வைனில் இல்லை, வெக்கையில்தான். சிவப்பு வைனை அறை வெப்பநிலையில் பரிமாற வேண்டும் என்று எங்கும் எழுதியிருப்பார்கள். அந்த அறை ஐரோப்பாவின் குளிர்ந்த வீட்டு அறை; 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் இருக்கும். ஆனி, ஆடியில் கச்சான் வீசும்போது கல்லடியிலோ களுவாஞ்சிக்குடியிலோ பகல் வெப்பம் 32, 33 டிகிரியைத் தொட்டு நிற்கும். அந்தச் சூட்டில் 14 சதவீத அற்ககோல் உள்ள போத்தலைத் திறந்தால் மூக்கில் முதலில் ஏறுவது ஸ்பிரிட் வாடை. சூடு கூடக் கூட அற்ககோல் வேகமாக ஆவியாகும், பழ மணம் அதற்குள் அமுங்கிவிடும். வாயில் வைத்தால் காரம், தொண்டையில் எரிவு, அடியில் ஒரு தளர்ந்த இனிப்பு. இதுதான் வைன் என்றால் யாருக்குப் பிடிக்கும்?

அதே போத்தலை 16, 17 டிகிரிக்கு இறக்கிக் குடித்துப் பாருங்கள். எரிவு அடங்கும், புளிப்பு நிமிரும், பழம் தெரியும். விலை கூடிய வைனுக்குச் சூட்டைத் தாங்கும் ஆழம் ஓரளவு உண்டு. விலை குறைந்த வைன் சூட்டில் உடனே அம்பலப்பட்டுப் போகும். ஆகவே கையில் காசு குறைவாக இருந்தால் வெப்பநிலையில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். கிளாஸ், காற்றூட்டல், சாப்பாட்டுச் சேர்க்கை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

குளிர வைக்கும் வழி எளிது. வீட்டுப் பிரிஜ் 4, 5 டிகிரியில் இருக்கும். 31, 32 டிகிரியில் இருந்த போத்தலை அதற்குள் வைத்தால் 17க்கு வர ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் எடுக்கும். கையில் நேரம் இல்லையென்றால் ஒரு வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர் விட்டுப் போத்தலைக் கழுத்து வரை இறக்குங்கள். பத்து நிமிடம் போதும். வெறும் ஐஸ் மட்டும் போட்டால் கட்டிகளுக்கு இடையில் காற்று நிற்பதால் அவ்வளவு விரைவாகக் குளிராது. தண்ணீர்தான் கண்ணாடியை முழுதாகத் தொடும். இரவு முழுக்கப் பிரிஜ்ஜில் கிடந்த போத்தலை எடுத்ததும் குடிப்பதும் பிழை. 5 டிகிரியில் மணம் எழாது, துவர்ப்பும் கசப்பும் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். அதை வெளியே எடுத்து முக்கால் மணி நேரம் வையுங்கள், நம் காலநிலை மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். சமையலுக்கு வாங்கிய ஊசி வெப்பமானி இருந்தால் கிளாஸில் விட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று தடவை அளந்தால் கை பழகிவிடும்.

கிளாஸில் ஊற்றிய வைன் நம் வெக்கையில் நிமிடத்துக்கு நிமிடம் சூடேறும். அதனால் 15, 16 டிகிரியிலேயே ஊற்றத் தொடங்கலாம். ஒரு தடவைக்கு 75 மில்லிலீற்றருக்கு மேல் ஊற்ற வேண்டாம். போத்தலை மேசையில் நிற்க விடாமல், சில ஐஸ் கட்டி மிதக்கும் தண்ணீரில் வைத்து எடுத்து எடுத்து ஊற்றுங்கள். கிளாஸுக்குள் ஐஸ் போடுவதை நான் ஏற்கமாட்டேன். தண்ணீர் கலந்ததும் கனம்தான் முதலில் போகும், நாம் காசு கொடுத்ததே அந்தக் கனத்துக்கு.

கனம் என்றால் வாயில் தெரியும் பாரம். தேங்காயின் கடைசிப் பாலுக்கும் முதற்பாலுக்கும் நாக்கில் உள்ள வித்தியாசம் எதுவோ, பினோ நுவார் என்ற திராட்சையின் மெல்லிய வைனுக்கும் ஷிராஸ் என்ற திராட்சையின் கனத்த வைனுக்கும் உள்ள வித்தியாசம் அதுவே. இந்தப் பாரத்தில் பெரும்பங்கு அற்ககோலிலிருந்து வருகிறது. திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து இறங்கும், துவர்ப்புத் தரும் தனின், கரைந்த சாரம், எஞ்சிய சர்க்கரை ஆகியவை மிச்சம். கடையில் நின்றபடியே கனத்தைக் கணிக்க ஒரே உறுதியான எண் போத்தல் சீட்டில் உள்ள அற்ககோல் சதவீதம். 12.5க்குக் கீழே மெல்லியது, 13 அளவில் நடுத்தரம், 13.5க்கு மேல் கனத்த வைனை எதிர்பார்க்கலாம், 14.5 என்றால் ஐயமே இல்லை. 15க்கு மேல் போனால் நம் ஊர்ச் சூட்டில் சமாளிப்பது கடினம். வாங்காமல் விடுவது நல்லது.

திராட்சை வகையில் கபர்னே சொவின்யோன், ஷிராஸ், மால்பெக் என்ற மூன்றையும் நம்பலாம். கபர்னேயின் பழம் சிறியது, தோல் தடித்தது, அதனால் துவர்ப்புக் கூடுதல். விலை குறைந்த போத்தல்களில் சில வேளை அது கரடுமுரடாக இருக்கும். ஆர்ஜென்டீனாவின் மென்டோசாவிலிருந்து வரும் மால்பெக் பிரான்சின் கஹோர் பகுதியிலிருந்து போய்க் குடியேறிய வகை. அன்டீஸ் மலையடியின் உயரமான தோட்டங்களில் பகலில் வெயில், இரவில் குளிர் என்பதால் பழம் நன்றாக முற்றியும் புளிப்பை இழப்பதில்லை. குறைந்த விலையில் மழமழப்பான கனம் வேண்டுமென்றால் என் முதல் தெரிவு மால்பெக். சிலியின் கார்மனேரும் கவனிக்க வேண்டியது. நெடுங்காலம் அங்கே அதை மெர்லோ என்றே நட்டு, மெர்லோ என்றே விற்றார்கள். 1994இல் பிரெஞ்சு நிபுணர் ஒருவர் தோட்டத்தில் கொடியைப் பார்த்து வேறு வகை என்று அடையாளம் காட்டினார். பெயர் தெரியாத வகை என்று பலரும் ஒதுக்குவதால் அதே விலைக்குக் கொஞ்சம் நல்ல சரக்குக் கிடைக்க வாய்ப்புண்டு.

சீட்டில் உள்ள 'ரிசேர்வ்' என்ற சொல்லுக்கு மயங்க வேண்டாம். ஸ்பெயினில் 'ரிசேர்வா' என்று போட்டால் சிவப்பு வைன் குறைந்தது மூன்று வருடம் முதிர்ந்திருக்க வேண்டும் என்று சட்டம் உண்டு. அவுஸ்திரேலியாவில் அந்தச் சொல்லுக்கு அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. அறுவடை ஆண்டைப் பாருங்கள். விலை குறைந்த சிவப்பு வைன் வைத்துக் குடிக்கச் செய்தது அல்ல. அறுவடையிலிருந்து ஒன்று முதல் மூன்று வருடத்துக்குள் இருப்பதை எடுங்கள். நம் பக்கத்து வைன் ஸ்டோர்ஸ்களில் வேகமாகப் போவது சாராயமும் பியரும்தான், வைன் அதே தட்டில் நெடுநாள் நிற்கும். ஐந்தாறு வருடம் வெக்கையில் நின்ற போத்தல் எந்த நாட்டுச் சரக்காக இருந்தாலும் வேண்டாம். தூசி படிந்திருப்பது பழமையின் பெருமை அல்ல, விற்காமல் கிடந்ததன் அடையாளம்.

எடுக்கும் முன் மூன்று இடங்களைப் பாருங்கள். வெயில் விழும் கண்ணாடிப் பக்கமா, மேல்தட்டா, மின்விளக்குக்குக் கிட்டவா நின்றது என்பது ஒன்று. கீழ்த்தட்டில் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். தக்கை போத்தல் வாயை விட்டு மேலே தள்ளியிருக்கிறதா என்பது இரண்டாவது. சூட்டில் வைன் விரிந்து தக்கையைத் தள்ளும், உறைக்குக் கீழே பிசுபிசுப்பாக ஒழுகியும் இருக்கும். மூன்றாவது, கழுத்தில் வைன் நிற்கும் மட்டம். பக்கத்துப் போத்தல்களை விடக் குறைவாக இருந்தால் விட்டுவிடுங்கள். எனக்குத் தெரிவு இருந்தால் நம் காலநிலைக்குத் திருகு மூடிதான் எடுப்பேன். நிமிர்த்தி வைத்த போத்தலில் தக்கை காய்ந்து சுருங்கும், காற்று உள்ளே போகும். திருகு மூடியில் அந்தத் தொல்லை இல்லை.

கொழும்பில் வாங்கிப் பொலன்னறுவை வழியாகக் கொண்டுவருபவர்கள் டிக்கியில் வைக்காதீர்கள். வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டும், சாப்பிட இறங்கும் ஒரு மணி நேரமே வைனை அவித்துவிடப் போதும். ஈரத்துவாயில் சுற்றி, இருக்கைக்குக் கீழே, ஏசி படும் இடத்தில் வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஓரிரு வாரத்துக்குள் குடிப்பதென்றால் படுக்கை அறை அலுமாரியின் அடித்தட்டு போதும். அதற்கு மேல் என்றால் பிரிஜ்ஜின் கீழ்த்தட்டே இடம். போயா தினத்தில் கடை பூட்டு என்பதால் விருந்துக்கு முதல்நாள் ஓடுவதை விட, முன்கூட்டியே வாங்கிப் பிரிஜ்ஜில் போடுவது வைனுக்கும் நல்லது.

கிளாஸ் அடி அகன்று வாய் குறுகியதாக, நிறமில்லாததாக, குறைந்தது 300 மில்லிலீற்றர் கொள்ளக்கூடியதாக இருந்தால் போதும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. சுழற்ற இடம் வேண்டும், மணம் தங்க இடம் வேண்டும். கழுவிய சவர்க்கார வாசனையும், கறிச்சட்டி துடைத்த துணியின் வாடையும் கிளாஸில் ஒட்டியிருந்தால் எந்த வைனும் தோற்கும். சூடுதண்ணீரில் அலசிக் கவிழ்த்து வைத்து, ஊற்றுவதற்கு முன் வெறும் கிளாஸை ஒரு தரம் முகர்ந்து பாருங்கள். வாயும் அப்படித்தான். வெற்றிலை போட்ட வாயில் வைனைச் சுவைக்க முடியாது. பாக்கிலும் தனின் உண்டு; அது ஏற்கெனவே வாயைத் துவர வைத்திருக்கும், சுண்ணாம்பு நாக்கை மரக்கச் செய்திருக்கும். குறைந்தது ஒரு மணி நேரம் விட்டு, வெறும் பாணும் தண்ணீரும் சாப்பிட்டபின் தொடங்குங்கள். குசினியில் கறிவேப்பிலை தாளிக்கும் நேரத்திலும் வேண்டாம்.

இனிச் சுவைப்பது. வெள்ளைத் தாளுக்கு மேல் கிளாஸைச் சரித்து விளிம்பைப் பாருங்கள். ஊதா கலந்த சிவப்பு இளம் வைன். செங்கல் நிறம், பழுப்பு என்றால் முதிர்ந்தது. இரண்டு வருட வைனில் பழுப்புத் தெரிந்தால் சூடு பட்டது அல்லது காற்றுப் பட்டது. கிளாஸின் உட்புறத்தில் வழியும் கோடுகளைத் தரத்தின் அடையாளமாகப் பலர் சொல்வதுண்டு. அவை அற்ககோல் ஆவியாவதால் மேற்பரப்பு இழுவிசை மாறி உருவாகுபவை. அற்ககோல் அளவைச் சொல்லும், தரத்தைச் சொல்லாது.

சுழற்றாமல் ஒரு முறை முகருங்கள். பிறகு அடியை மேசையில் வைத்தபடி நான்கைந்து சுற்றுச் சுற்றி மறுபடி முகருங்கள். நீண்ட மூச்சு வேண்டாம், குட்டிக் குட்டியாக இரண்டு மூன்று இழுப்பு. மூக்கு விரைவில் களைத்துவிடும். பிறகு ஒரு மேசைக்கரண்டி அளவு, ஏறத்தாழ 15 மில்லிலீற்றர், வாயில் எடுத்து நாக்கின் மேலும் கன்னத்தின் உள்ளேயும் ஈறிலும் பரவ விடுங்கள். உதட்டைக் குவித்துச் சிறிது காற்றை உறிஞ்சுங்கள். ஐந்து, ஆறு விநாடி. இப்போது ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கீழ்த்தாடையின் ஓரத்தில் எச்சில் ஊறுகிறதா? அது புளிப்பு. மேலுதட்டின் உட்புறமும் ஈறும் உலர்ந்து பிடிக்கிறதா? அது தனின். தொண்டையில் சூடு இறங்குகிறதா? அற்ககோல். விழுங்கிய அல்லது துப்பிய பிறகு பழச்சுவை எத்தனை விநாடி நிற்கிறது? விலை குறைந்த வைனில் ஐந்து விநாடிக்குள் மறைவது இயல்பு. பத்து விநாடி நின்றால் அந்தப் பெயரைக் குறித்து வையுங்கள், நல்ல வாங்கல். நாலைந்து வைனை ஒரே நாளில் பார்ப்பதென்றால் துப்புவதில் வெட்கம் வேண்டாம். தொழிலாகச் செய்பவர்கள் எல்லோரும் துப்புகிறவர்களே.

தனினைக் கசப்போடு குழப்பிக்கொள்வதுதான் புதியவர்களுக்கு வரும் பெரிய சிக்கல். கசப்பு நாக்கில் தெரியும் சுவை, துவர்ப்பு வாயெல்லாம் தெரியும் தொடுவுணர்ச்சி. மரமுந்திரிகைப் பழத்தைக் கடித்தவருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. எச்சிலில் உள்ள புரதங்களோடு தனின் ஒட்டிக்கொள்ள, வழுவழுப்பு நீங்கி வாய் காய்கிறது. இதைப் பழக வைனே தேவையில்லை. மூன்று கோப்பையில் 150 மில்லிலீற்றர் கொதிதண்ணீர் விட்டு ஒவ்வொன்றிலும் ஒரு தேயிலைப் பை போடுங்கள். முதலாவதை 2 நிமிடத்திலும், இரண்டாவதை 5இலும், மூன்றாவதை 10இலும் எடுங்கள். சீனி போடாமல் ஆறவிட்டு வரிசையாகக் குடித்தால் துவர்ப்பின் மூன்று படிகள் வாய்க்குத் தெரியும். மூன்றாவதில் ஒரு கரண்டி பால் விட்டு மறுபடி குடியுங்கள், துவர்ப்பு மடங்கிவிடும். பாலின் புரதம் எச்சிலுக்கு முந்திக்கொண்டு தனினைப் பிடித்துவிட்டது. கனத்த சிவப்பு வைனுக்கு இறைச்சியும் தயிரும் ஏன் சேர்கின்றன என்பதற்கும் இந்தப் பிடிப்பு ஒரு காரணம்.

மணத்துக்கு வெளிநாட்டுச் சொற்களைத் தேட வேண்டாம். பிளாக்கரன்ட் மணம், புளூபெரி மணம் என்று சீட்டில் இருக்கும். நம்மில் பலர் அந்தப் பழங்களைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் ஷிராஸில் வரும் மிளகு மணம் உவமை அல்ல. மிளகில் உள்ள ரொட்டன்டோன் என்ற சேர்மமே ஷிராஸிலும் இருக்கிறது என்று அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்டார்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அந்தச் சேர்மம் மூக்குக்கே எட்டாது, ஆகவே பக்கத்தில் இருப்பவர் மிளகு என்று சொல்ல உங்களுக்குத் தெரியவில்லையென்றால் யாரும் பிழையில்லை. கார்மனேரிலும் முற்றாத கபர்னேயிலும் வரும் பச்சை வாடை கறிமிளகாயில் உள்ள பைரசீன் வகைச் சேர்மத்தினுடையது. கொஞ்சமாக இருந்தால் உயிர்ப்பு. கூடினால் பழம் முற்றுமுன் பறித்தார்கள் என்று பொருள். வைனை முதிர வைக்கும் ஓக் மரத்திலிருந்து கராம்பு, வனிலா, தேங்காய், புகை மணங்கள் வரும். கராம்பில் உள்ள யூஜினோல் ஓக்கிலும் உண்டு; தேங்காய் மணம் அமெரிக்க ஓக்கில் தூக்கலாக இருக்கும். விலை குறைந்த வைனுக்குப் பீப்பாய் கட்டுப்படியாகாது, ஓக் சிராய்களையோ பலகைகளையோ தொட்டியில் ஊறப்போடுவார்கள். அது குற்றமில்லை. அளவு மீறினால் மரத்தூள் மணமும் இறுதியில் ஒரு காய்ந்த கசப்பும் வரும். பழ மணத்துக்கு நாவற்பழம், பாலைப்பழம், விளாம்பழப் பாகு, ஊறிய பேரீச்சை என்று உங்கள் மூக்குக்குத் தெரிந்ததையே எழுதுங்கள்.

'மென்மையானது' என்று விளம்பரப்படுத்தும் சில விலை குறைந்த போத்தல்களில் கனம் போலத் தெரிவது சர்க்கரை. இனிப்பற்ற வைனில் பொதுவாக லீற்றருக்கு 4 கிராமுக்குள் இருக்கும். இவற்றில் 10 கிராம் தாண்டியும் இருக்கலாம். கிளாஸில் ஒரு வாய் மிச்சம் வைத்து அறைச் சூட்டுக்கு வரவிட்டுக் குடித்தால் வேடம் கலையும், உதட்டில் ஒட்டும் இனிப்புத் தெரியும். குடிப்பவருக்குப் பிடித்தால் குடிக்கலாம், ஆனால் அதைக் கனம் என்று எண்ணிப் பழகினால் நல்ல கபர்னே கையில் வரும்போது வெறும் துவர்ப்பாகத் தோன்றும்.

கெட்டுப்போனதை அறிய மூக்கே போதும். நனைந்த சாக்கு, ஈர அட்டைப்பெட்டி மணம் வந்து பழ மணம் காணாமல் போனால் தக்கையிலிருந்து வந்த டிசிஏ என்ற சேர்மம்தான் காரணம். எவ்வளவு காற்றாட வைத்தாலும் போகாது. நகப்பூச்சு நீக்கி மணமும் வினாகிரி உறைப்பும் வந்தால் பக்ரீரியா வேலை செய்திருக்கிறது. அவித்த பழம், கருகிய பாகு மணம் என்றால் வழியில் எங்கோ சூடு பட்டது, நம் ஊரில் அதிகம் காண்பது இதுவே. அழுகிய முட்டை, எரித்த தீக்குச்சி மணம் வந்தால் மட்டும் அவசரப்பட்டு ஊற்றிவிடாதீர்கள். திருகு மூடிப் போத்தல்களில் காற்றே படாமல் கந்தகச் சேர்மங்கள் தேங்குவதால் அது வரும். ஒரு அகன்ற கண்ணாடிச் சாடிக்குள் உயரத்திலிருந்து ஊற்றி, மேலே ஒரு தட்டால் மூடி, அரை மணி நேரம் பிரிஜ்ஜுக்குள் வையுங்கள், பெரும்பாலும் கலைந்துவிடும். துவர்ப்புக் கூடிய இளம் கபர்னேக்கும் இதே வழி உதவும். மேசையில் வைத்துக் காற்றாட விட்டால் மணம் திறக்குமுன் சூடேறிவிடும், அதனால்தான் பிரிஜ்ஜுக்குள். மூடியை மட்டும் திறந்து வைப்பதால் ஒன்றும் ஆகாது. போத்தல் கழுத்தில் காற்றுப் படும் பரப்பு ஒரு நாணயம் அளவே. அடியில் படியும் கறுப்பு வண்டலும் தக்கையில் மின்னும் படிகங்களும் தீங்கற்றவை.

சாப்பாட்டுக்கு வருவோம், மட்டக்களப்பில் இதுதான் கடினமான பகுதி. வாவி நண்டும் இறாலும் நம் பெருமை. ஆனால் கனத்த சிவப்பு வைனோடு அவை ஒத்துப்போவதில்லை. 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காரணத்தைக் காட்டினார்கள்: வைனில் உள்ள இரும்பு, கடலுணவின் கொழுப்போடு சேர்ந்து கவிச்சல் மணத்தைக் கிளப்புகிறது. வாயில் உலோகச் சுவை நிற்கும். கருவாட்டுக்கும் இதே கதி. நண்டுக் கறி நாளில் சிவப்பு வைனைத் திறக்காமல் விடுவது இரண்டுக்கும் மரியாதை.

இரண்டாவது எதிரி மிளகாய். உறைப்புக்குக் காரணமான கப்சைசின் தூண்டும் அதே நரம்பு வாயிலை அற்ககோலும் தூண்டும். 14 சதவீத வைனும் செத்தல் மிளகாய்த்தூள் அள்ளிப்போட்ட கறியும் சேர்ந்தால் நெருப்பு இரட்டிப்பாகும், பழச்சுவை செத்துவிடும். மிளகின் காரம் அவ்வளவு கடுமையில்லை, அதன் மணம் ஷிராஸோடு கைகோக்கும். எனவே ஒரு கிலோ ஆட்டிறைச்சிக்கு ஒரு கோப்பை மட்டக்களப்பு எருமைத் தயிர், இரண்டு மேசைக்கரண்டி இடித்த மிளகு, உள்ளி, இஞ்சி, உப்பு போட்டு நான்கு மணி நேரம் பிரிஜ்ஜில் ஊறவைத்து, செத்தல் மிளகாயைப் பெயருக்கு மட்டும் சேர்த்துச் சுருளப் பிரட்டி எடுங்கள். கொழுப்பு, புரதம், உப்பு மூன்றும் தனினைத் தட்டிச் சமப்படுத்தும். உப்பு கசப்பை அமுக்கிப் பழத்தைத் தூக்கும். மாட்டிறைச்சி சாப்பிடுபவர்களுக்குக் கரியில் வாட்டியது இன்னும் பொருந்தும். மரக்கறிக்காரருக்கு எண்ணெயில் பொரித்த கத்தரிக்காய்ப் பாலாணம், கஜுக் கறி இரண்டும் நன்றாகச் சேரும். ஒன்றும் சமைக்க நேரமில்லையென்றால் உப்புப் போட்டு வறுத்த கஜு ஒரு கை போதும். வட்டிலப்பம், தொதல் பக்கம் மட்டும் போகாதீர்கள். சாப்பாட்டின் இனிப்பு வைனைப் புளிப்பாகவும் கசப்பாகவும் காட்டும்.

செலவைக் குறைத்து விரைவாகப் பழக, நாலைந்து பேர் சேர்ந்து ஒரு மால்பெக், ஒரு கபர்னே என இரண்டு போத்தல் வாங்குங்கள். ஒரு போத்தல் 75 மில்லிலீற்றர் வீதம் பத்து ஊற்று. போத்தலைத் தாளால் சுற்றி மறைத்து, இரண்டையும் ஒரே வெப்பநிலையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுவைத்தால், தனியாகக் குடித்துப் பல மாதத்தில் பிடிபடாத வித்தியாசம் ஒரே மாலையில் பிடிபடும். எல்லோரும் எழுதி முடிக்கும் வரை ஒருவரும் வாய் திறக்கக் கூடாது.

போத்தலில் பாதி மிஞ்சும் என்று தெரிந்தால், திறந்தவுடனேயே ஒரு சுத்தமான 375 மில்லிலீற்றர் போத்தலில் விளிம்பு வரை நிரப்பி, இறுக மூடிப் பிரிஜ்ஜில் வையுங்கள். காற்றுக்கு இடமில்லாததால் ஒரு வாரம் நிற்கும். குடித்து முடித்த பின் மிஞ்சியதை அதே பெரிய போத்தலில் மூடி வைத்தால் பிரிஜ்ஜில் இரண்டு, மூன்று நாள். மேசையில் விட்டால் நம் வெக்கையில் மறுநாளே தட்டையாகிவிடும். அந்த நிலைக்கு வந்த ஒரு கிளாஸ் வைனை ஆட்டிறைச்சிப் பிரட்டலில், வெங்காயம் வதங்கியபின் விட்டு, பாதியாக வற்றும் வரை கொதிக்கவிட்டுப் பிறகு இறைச்சியைப் போடலாம். வினாகிரி வாடையோ சாக்கு வாடையோ வந்தது சமையலுக்கும் உதவாது. சூட்டில் அந்த வாடை கறியில் ஏறிவிடும்.